அட்டையில் நிற்கும் பெண்: படத்தையும் படிக்கக் கற்போம்



குழுவில் சேர்ந்த புதிதில் நம்மில் பலருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். இன்று தீர்மான நோட்டு படிக்கிறோம். பாஸ்புக் படிக்கிறோம். வட்டிக் கணக்கில் பத்து ரூபாய் தப்பினால்கூட ஊக்குநரைக் கேட்கிறோம். ஆனால் படத்தைப் படிக்க நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. படம்னா பார்க்கிறதுதானே, அதில் படிக்க என்ன இருக்குன்னு கேட்பீங்க. இருக்கிறது. எழுத்து பொய் சொன்னால் எதிர்த்துக் கேட்கிறோம். படம் பொய் சொன்னால் நமக்கே தெரியாமல் மனசுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இந்தப் பாடத்துக்கு நாம் எடுத்துக்கொள்வது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வெளிவந்த இசைப் பத்திரிகைகள். அவற்றின் அட்டையில் இளம்பெண்களை எப்படி நிற்க வைத்தார்கள், யார் நிற்க வைத்தார்கள் என்று பார்க்கப் போகிறோம். ஏன் இவ்வளவு தூரம் போகணும்? முதல் காரணம், அங்கே இதை ஒவ்வொரு அட்டையாக எண்ணிப் பார்த்திருக்கிறார்கள், பள்ளியில் பாடமாகவும் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது, தன் முதுகு தனக்குத் தெரியாது. அடுத்தவர் வீட்டில் ஒரு விஷயத்தைப் பார்த்துப் பழகினால் நம் வீட்டில் இருப்பதும் கண்ணுக்குத் தெரியும்.

இசைப் பத்திரிகை என்றால் என்ன?

நம் ஊரில் சினிமாப் பத்திரிகை இருக்கிற மாதிரி அங்கே பாடகர்களுக்கும் இசைக் குழுக்களுக்கும் என்றே பத்திரிகைகள் உண்டு. இங்கிலாந்தில் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ 1952-இல் தொடங்கியது. அமெரிக்காவில் ‘ரோலிங் ஸ்டோன்’ 1967-இல் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகள் விரும்பி வாங்கிய ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ 1978-இல் இங்கிலாந்தில் வந்து 2006-இல் நின்றது. ‘க்யூ’ என்ற மாத இதழ் 1986-இல் வந்தது. அதன் அச்சு இதழ் 2020-இல் நின்றது. கடையில் தொங்கிய இதழ்கள் குறைந்துவிட்டன. ஆனால் அந்த அட்டைப்படப் பழக்கம் நிற்கவில்லை. அது செல்போனுக்குள் வந்துவிட்டது. நம்ம பொண்ணுங்க விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிற படங்களில் பாதி அந்த அட்டையின் பேரப்பிள்ளைகள்தான்.

அட்டையில் என்னென்ன இருக்கிறது?

கடைக்காரர் வாசலில் நல்ல தக்காளியை முன்னால் அடுக்குகிற மாதிரி, பத்திரிகைக்காரர் அட்டையை அடுக்குகிறார். மேலே பெரிய எழுத்தில் பத்திரிகையின் பெயர். நடுவில் ஒரு பெரிய படம். படத்துக்குப் பக்கத்தில் தலைப்பு வரி. ஓரங்களில் உள்ளே இருக்கும் செய்திகளைச் சொல்லும் சின்ன வரிகள். கீழே விலை. இவ்வளவுதான்.

ஆனால் இதில் எதுவும் தானாக வந்ததில்லை. ஆசிரியர், புகைப்படக்காரர், உடை தேர்வு செய்பவர், ஒப்பனைக்காரர், பக்கத்தை வடிவமைப்பவர், பாடகியின் கம்பெனி என்று பல பேர் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். நின்றால் நல்லதா, படுத்தால் நல்லதா? முகம் மட்டுமா, முழு உடம்பா? கையில் கிட்டார் வேண்டுமா, வேண்டாமா? கேமராவை உயரத்தில் வைப்பதா, கீழே வைப்பதா? கேமராவை மேலே வைத்து எடுத்தால் ஆள் சின்னதாகத் தெரிவார். கீழே வைத்து எடுத்தால் ஓங்கித் தெரிவார். தேர்தல் போஸ்டரில் தலைவரை எப்படி எடுக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள், புரியும்.

பாடகியின் குரலை அட்டையில் அச்சடிக்க முடியாது. அதனால் எதைக் காட்டினால் விற்கும் என்று யோசிக்கிறார்கள். ஆண் என்றால் அவன் திறமையைக் காட்டு, பெண் என்றால் அவள் உடம்பைக் காட்டு என்று ஒரு பழக்கம் அங்கே ஊறிப்போனது. இது வெறும் பேச்சா, உண்மையா? கணக்கைப் பார்ப்போம்.

எண்ணிப் பார்த்த இரண்டு பெண்கள்

அமெரிக்காவில் பஃபலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரின் ஹாட்டன், மேரி நெல் ட்ராட்னர் என்ற இரண்டு பெண் சமூகவியலாளர்கள் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் 1967 முதல் 2009 வரையிலான அட்டைகளை எடுத்துக்கொண்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அட்டைகள். ஒவ்வொரு படத்துக்கும் உடை எப்படி, நிற்கும் விதம் எப்படி, வாய் எப்படி, பக்கத்தில் எழுதிய வரி எப்படி என்று பார்த்து 23 வரை மதிப்பெண் போட்டார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுகோல். 2011-இல் முடிவை வெளியிட்டார்கள்.

1960-களில் அட்டையில் வந்த ஆண்களில் 100-க்கு 11 பேர் கவர்ச்சியாகக் காட்டப்பட்டார்கள். பெண்களில் 100-க்கு 44 பேர். 2000-களுக்கு வந்தால் ஆண்களில் 17 பேர். பெண்களில் 83 பேர். அதிலும் மிக அதிகமான அளவில், முழுக்க முழுக்கப் போகப்பொருளாகக் காட்டப்பட்டவர்கள் ஆண்களில் 2 பேர், பெண்களில் 61 பேர்.

நாற்பது வருஷத்தில் பெண்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், மேடை ஏறினார்கள். அட்டைப்படம் மட்டும் எதிர்ப்பக்கம் நடந்திருக்கிறது. ஒரு பெண் அழகாக, கவர்ச்சியாகத் தெரிவதே தப்பு என்று அந்த ஆராய்ச்சியாளர்கள் சொல்லவில்லை. கிட்டத்தட்ட எல்லாப் பெண்ணையும் அந்த ஒரே வழியில் மட்டும் காட்டினால், பெண் என்றால் அதற்குத்தான் என்று பார்ப்பவர் மனதில் பதிந்துவிடும் என்பதுதான் அவர்களுடைய கவலை.

உடம்பு பேசும் பாஷை

எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1970-களில் விளம்பரப் படங்களைக் கூட்டிவைத்துப் பார்த்து ஒரு புத்தகம் எழுதினார். அவர் கவனித்தது சின்னச் சின்ன விஷயம். படத்தில் ஆண் நேராக நிற்கிறான், பெண் ஒரு முழங்காலை மடக்கி நிற்கிறாள். ஆண் பொருளை இறுக்கிப் பிடிக்கிறான், பெண் விரல் நுனியால் தொடுகிறாள். ஆண் நேரே பார்க்கிறான், பெண் தலையைச் சாய்த்து வேறெங்கோ பார்க்கிறாள். ஆணும் பெண்ணும் சேர்ந்து இருந்தால் ஆண் சொல்லிக் கொடுக்கிறான், பெண் கேட்டுக்கொள்கிறாள்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். எழுந்து நில்லுங்கள். ஒரு முழங்காலை மடக்கி, தலையைச் சாய்த்து, விரலைக் கன்னத்தில் வையுங்கள். இப்போது பக்கத்தில் இருக்கிற அக்கா லேசாகத் தள்ளினால் என்ன ஆகும்? விழுந்துவிடுவீர்கள். அடுத்து, கல்லுடைக்கிற, நாற்று நடுகிற பெண் மாதிரி காலை ஊன்றி நில்லுங்கள். இப்போது தள்ளச் சொல்லுங்கள். அட்டைப்படத்தில் பெண்ணை எந்த நிலையில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று பார்க்க இந்த ஒரு சோதனை போதும். தள்ளினால் விழுகிற மாதிரி நிறுத்தியிருக்கிறார்களா, விழாத மாதிரியா?

நான்கு அட்டைகள்

முதல் அட்டை, மே 1994, ‘க்யூ’ இதழ். பி.ஜே. ஹார்வி, பியோர்க், டோரி ஏமோஸ் என்ற மூன்று இசைக்கலைஞர்கள். மூவரும் தாங்களே பாட்டு எழுதி இசையமைப்பவர்கள். ஆனால் பக்கத்தில் போட்ட தலைப்பு வரி அவர்களுடைய உடல் பாகங்களின் பட்டியலாக இருந்தது. ‘வலிமை’ என்ற பொருளில் ஒரு வார்த்தையைக் கடைசியில் சேர்த்தார்கள். படத்தோடு எழுத்தையும் படிக்கணும் என்று சொல்வது இதனால்தான்.

இரண்டாவது, நவம்பர் 1997, ரோலிங் ஸ்டோன். பத்திரிகைக்கு 30 வயது ஆனதை முன்னிட்டு ராக் இசையின் பெண்களுக்கென்று சிறப்பிதழ். அட்டையில் டினா டர்னர், மடோனா, கோர்ட்னி லவ். நல்ல காரியம்தானே? நல்ல காரியம்தான். ஆனால் ஒரு கேள்வி கேட்கணும். ‘ராக் இசையின் ஆண்கள்’ என்று ஏன் சிறப்பிதழ் வருவதில்லை? மற்ற இதழ்கள் எல்லாம் அவர்களுக்குத்தான் என்பதாலா? மார்ச் 8 அன்று மட்டும் நம்மை மேடையில் உட்கார வைக்கிற மாதிரிதான் இதுவும்.

மூன்றாவது, ஏப்ரல் 1999, ரோலிங் ஸ்டோன். பிரிட்னி ஸ்பியர்ஸ். முதல் ஆல்பம் வந்து சில மாதங்கள்தான். அப்போது அவருக்கு வயது 17. படுக்கையில் படுத்தபடி, சின்னப் பிள்ளைகளின் பொம்மை ஒன்றை அணைத்தபடி, வயதுக்கு மீறிய உடையில் அவரை எடுத்திருந்தார்கள். ஒரே படத்தில் குழந்தையாகவும் காட்டு, பெரியவளாகவும் காட்டு என்பதுதான் அதன் சூத்திரம். பத்திரிகை விற்றது. அதன் பிறகு பல வருஷம் அந்தப் பெண்ணின் பாட்டைவிட உடம்பைப் பற்றித்தான் பேசினார்கள். 2021-இல் அவரைப் பற்றிய ஆவணப்படம் வெளிவந்த பிறகுதான், அன்று பத்திரிகைகள் நடந்துகொண்டது சரியா என்று பலரும் திரும்பிப் பார்த்தார்கள். 17 வயதுப் பெண்ணைச் சுற்றி அத்தனை பெரியவர்கள் நின்றார்களே, ஒருவருக்காவது தோன்றவில்லையா என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

நான்காவது, ஆகஸ்ட் 2019, ‘நைலான்’ பத்திரிகையின் ஜெர்மன் பதிப்பு. பில்லி ஐலிஷ் என்ற பாடகி. அவருக்கும் அப்போது வயது 17. அவரைக் கூப்பிட்டுப் படமே எடுக்கவில்லை. கணினியில் ஒரு ரோபோ உருவம் செய்து, அவர் ஒருபோதும் சம்மதிக்காத தோற்றத்தில் அட்டையில் போட்டார்கள். அந்தப் பெண் சும்மா இருக்கவில்லை. என்னிடம் கேட்கவில்லை, என் வயது என்ன என்று பார்க்கவில்லை என்று பகிரங்கமாகக் கண்டித்தார். 1999-க்கும் 2019-க்கும் நடுவே நடந்த மாற்றம் இது. பெண்ணுக்கு வாய் திறக்க ஒரு வழி கிடைத்திருக்கிறது.

இதோடு இன்னொன்று. 2014-இல் நியூசிலாந்துப் பாடகி லார்ட், ஒரே நாளில் மேடையில் எடுத்த தன் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வெளியிட்டார். ஒன்றில் முகத்தோல் வழவழவென்று இருந்தது. இன்னொன்றில் பரு தெரிந்தது. முதல் படம் கணினியில் திருத்தியது. அவ்வளவுதான் வித்தியாசம். அழகு கிரீம் வாங்கக் காசு கேட்டு அழும் வயதுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். படத்தில் இருக்கிற அந்தப் பெண்ணுக்கே அந்தத் தோல் கிடையாது.

அப்படியானால் மூடிவிட்டால் சரியாகிவிடுமா?

கூட்டத்தில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். “இழுத்துப் போர்த்திக்கிட்டு நின்னா ஒரு பிரச்சனையும் இல்லையே” என்று யாராவது சொல்வார்கள். பில்லி ஐலிஷின் கதையையே எடுத்துக்கொள்வோம். அவர் தொளதொளவென்ற உடை போட்டுத்தான் மேடை ஏறினார். தன் உடம்பைப் பற்றி யாரும் கருத்துச் சொல்லக்கூடாது என்பது அவர் சொன்ன காரணம். உடனே, இவள்தான் நல்ல பெண், மற்றவர்கள் மோசம் என்று ஒரு கூட்டம் புகழ்ந்தது. 2021-இல் ஒரு பத்திரிகை அட்டைக்கு அவரே விரும்பி வேறு மாதிரி உடை போட்டார். அதே கூட்டம் திட்டியது. மூடினாலும் பேச்சு, மூடாவிட்டாலும் பேச்சு. இரண்டிலும் அவருடைய பாட்டைக் காணோம்.

ஆகவே துணியை அளப்பதில் பாடம் முடிந்துவிடாது. முடிவு செய்தது யார்? அந்தப் பெண் என்ன செய்பவள் என்று படம் சொல்கிறதா? அவளுக்கு வேண்டாம் என்று சொல்ல உரிமை இருந்ததா? இந்த மூன்றையும் கேட்கணும். அமெரிக்காவில் ஃபாபி ரேய்னா என்ற இளம்பெண் 2012-இல் ‘ஷீ ஷ்ரெட்ஸ்’ என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். கிட்டார் வாசிக்கும் பெண்களுக்கென்றே வந்த பத்திரிகை. அதில் பெண்களைக் கலைஞர்களாக வைத்துத்தான் பேசினார்கள். என்ன வாசிக்கிறார், எப்படி வாசிக்கிறார் என்பதுதான் செய்தி. பேனா யார் கையில் இருக்கிறதோ, அதைப் பொறுத்து அட்டை மாறுகிறது.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. ரோலிங் ஸ்டோனைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் வென்னர் 2023-இல் இசை மேதைகளின் பேட்டிகள் என்று ஒரு புத்தகம் போட்டார். ஏழு பேர். ஏழு பேரும் வெள்ளைக்கார ஆண்கள். ஏன் ஒரு பெண்கூட இல்லை என்று நிருபர் கேட்டார். அந்த அளவு ஆழமாகப் பேசக்கூடிய பெண்கள் இல்லை என்ற பொருளில் பதில் சொன்னார். பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அவர் தொடங்கி வளர்த்த ‘ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்’ அமைப்பின் நிர்வாகக் குழுவிலிருந்தே அவரை நீக்கினார்கள். அத்தனை வருஷம் அட்டையைத் தீர்மானித்த நாற்காலியில் என்ன எண்ணம் உட்கார்ந்திருந்தது என்று இப்போது புரிகிறதா?

பள்ளியில் பாடமாக வைத்தார்கள்

இங்கிலாந்தில் நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ வயதுப் பிள்ளைகளுக்கு ஊடகக் கல்வி என்று ஒரு பாடம் உண்டு. 2008 முதல் சுமார் பத்து வருஷம், ஓ.சி.ஆர். என்ற தேர்வு வாரியத்தின் பாடத்திட்டத்தில் ஒரு செய்முறை வேலை இருந்தது. மாணவர் புதிதாக ஒரு இசைப் பத்திரிகைக்கு அட்டையும், பொருளடக்கமும், உள்ளே இரட்டைப் பக்கக் கட்டுரையும் வடிவமைக்கணும். படம் தானே எடுத்ததாக இருக்கணும். குறைந்தது நான்கு படம். முடிந்ததும் சில கேள்விகளுக்குப் பதில் எழுதணும். அதில் ஒன்று: உன் பத்திரிகை சமூகத்தின் குறிப்பிட்ட பிரிவினரை எப்படிக் காட்டுகிறது?

ஒரு மாணவி தன் தோழியை நிற்க வைத்துப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் அவளுக்குத் தோன்றுவது கடையில் பார்த்த அட்டை. தலையைச் சாய், உதட்டைக் குவி என்கிறாள். பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்காருகிறாள். என் தோழி டிரம்ஸ் வாசிப்பவள், ஆனால் என் படத்தில் டிரம்ஸ் குச்சியே இல்லையே என்று உறைக்கிறது. மறுபடி கூப்பிட்டு, வியர்வையோடு, வாசித்து முடித்த கையோடு, கண்ணுக்கு நேரே கேமராவை வைத்து எடுக்கிறாள். தலைப்பு வரியையும் மாற்றுகிறாள். அதே பெண், அதே முகம், வேறு செய்தி. படம் எடுக்கத் தெரிந்தவருக்குத்தான் படத்தின் தந்திரம் புரியும். நெய்தவருக்குத்தானே துணியில் இழை விட்டது தெரியும்?

இப்போது நம்ம பக்கம் திரும்புவோம்

கடன் வழங்கும் விழாப் படங்களை எடுத்துப் பாருங்கள். நடுவில் அதிகாரி நிமிர்ந்து நிற்கிறார், கேமராவைப் பார்க்கிறார். நம்ம குழுப் பெண் குனிந்து காசோலையை வாங்குகிறாள். பாதி முகம் முந்தானையில் மறைந்திருக்கிறது. படத்தின் கீழே அதிகாரியின் பெயர் இருக்கிறது, அவள் பெயர் இல்லை. அந்தப் பணத்தைத் தவணை தவறாமல் திருப்பிக் கட்டப்போவது யார்? அவள்தான். காஃப்மன் சொன்ன கணக்கு இங்கேயும் பொருந்துகிறது.

அடுத்தது நம் பிள்ளைகளின் படம். வளரிளம் பெண்களின் படத்தைப் போனில் எடுத்து, கேட்காமல் பத்து பேருக்கு அனுப்புவது சாதாரணமாகிவிட்டது. பதினேழு வயதுப் பெண்ணிடம் கேட்காமல் உருவம் செய்த பத்திரிகைக்கும் இதற்கும் அளவில்தான் வித்தியாசம். நம் நாட்டில் பெண்களை இழிவாகச் சித்தரிப்பதைத் தடை செய்யும் சட்டம் 1986-லேயே வந்துவிட்டது. விளம்பரம், புத்தகம், படம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். முதல் முறை குற்றம் நிரூபணமானால் 2 ஆண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. படத்தை வைத்து யாராவது மிரட்டினால் பெண்ணைத் திட்டி வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. தப்பு செய்தவன் படத்தைப் பரப்பியவன்தான்.

கூட்டத்தில் செய்து பாருங்கள்

அடுத்த குழுக் கூட்டத்தில், சேமிப்பும் திருப்புகடனும் வசூலித்து முடித்த பிறகு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பழைய வார இதழ், காலண்டர், நகைக்கடை நோட்டீஸ், நம் கூட்டமைப்பு இதழ் என்று கையில் கிடைத்த ஐந்து படங்களை நடுவில் பரப்புங்கள். வீட்டில் இருக்கும் பெண் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கேளுங்கள்:

1. படத்தில் பெண் என்ன செய்கிறாள்? ஒன்றும் செய்யாமல் சும்மா நிற்கிறாளா?
2. அவள் யாரைப் பார்க்கிறாள்? அவளை யார் பார்க்கணும் என்று எடுத்திருக்கிறார்கள்?
3. தள்ளினால் விழுவாளா, மாட்டாளா?
4. அவள் பெயரும் தொழிலும் எழுதியிருக்கிறதா?
5. அதே இடத்தில் ஒரு ஆணை அதே மாதிரி நிறுத்தினால் சிரிப்பு வருமா? வந்தால் ஏன்?
6. இந்தப் படத்துக்கு அவளிடம் சம்மதம் கேட்டிருப்பார்களா?

பிறகு பிள்ளைகளிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, தங்கள் பெயரில் ஒரு பத்திரிகை அட்டை வரையச் சொல்லுங்கள். பாடுகிற பெண் பாடட்டும், பறை அடிக்கிற பெண் அடிக்கட்டும், கபடி ஆடுகிற பெண் ஆடட்டும். தலைப்பு வரியை அவர்களே எழுதட்டும். பெரியவர்கள் திருத்த வேண்டாம்.

முடிவில் தீர்மான நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: எங்கள் குழுவில் சம்மதம் கேட்காமல் யாரையும் படம் எடுக்க மாட்டோம். படம் வந்தால் உறுப்பினரின் பெயரும் அவர் செய்யும் தொழிலும் அதன் கீழே வரவேண்டும். எல்லா உறுப்பினர்களும் கையெழுத்துப் போடுங்கள். பிரதிநிதி அந்தத் தீர்மானத்தைக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வரட்டும். அடுத்த கடன் வழங்கும் விழாவில் படம் எடுக்க வருபவரிடம் அதைக் காட்டலாம்.